நீர் தெளிந்தால் போதுமா? கேமரன் மலை ஓடைகளும் உணவு வலையின் மீட்சியும்



கேமரன் மலையின் பெயர்பெற்ற தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று சுங்கை பாலாஸ். சுங்கை என்னும் மலாய்ச் சொல்லுக்கு ஆறு என்பது பொருள். தோட்டத்தின் பெயரிலேயே ஓர் ஆறு இருக்கிறது. ஆயினும் அம்மலைக்குச் செல்வோர் பச்சைச் சரிவைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். சரிவின் அடியில் ஓடும் நீரைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. இன்றைய உரை அந்த நீரைப் பற்றியது. கெட்டுப்போன ஓர் ஓடையைச் சீர்செய்த பின்னர், அதில் வாழ்ந்த உயிர்கள் எந்த வரிசையில், எந்தக் கால அளவில், எந்த நிபந்தனைகளின்மேல் திரும்பி வருகின்றன என்பதை விளக்குவதே இதன் நோக்கம்.

மொழி வளர்க்கும் அவையில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் இலக்கணம், ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்களைப் பதினான்காக வகுக்கிறது. நீர், மரம், பூ, புள், விலங்கு, உணா, தொழில் ஆகிய யாவும் அந்த ஒரே வரிசையில் இடம்பெறுகின்றன. குறிஞ்சிக்குரிய நீர் அருவியும் சுனையும் ஆகும். இது கவிதைக்குரிய மரபே தவிர அறிவியல் அன்று. எனினும், ஒரு நிலத்தை அதன் நீரோடும் உணவோடும் உயிர்களோடும் சேர்த்தே அறிதல் வேண்டும் என்னும் பார்வை நம் மொழிக்குப் புதிதன்று என்பதை அது காட்டுகிறது. இன்றைய சூழலியல் ‘உணவு வலை’ என்று கூறுவதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது நமக்கு இயல்பான பணியே.

மலையும் நீரும்

கேமரன் மலை பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில், தீபகற்பத்தின் முதன்மை மலைத்தொடரில் அமைந்த 712 சதுர கிலோமீட்டர் பரப்புடைய மாவட்டம். 1885-இல் இப்பகுதியை அளவிட வந்த வில்லியம் கேமரனின் பெயரை அது தாங்கியுள்ளது. 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே மலைவாழிடமாக வளர்க்கும் திட்டம் உருப்பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கன்று நட்டுக் கொழுந்து பறித்த கைகளுள் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். லயத்து வீடுகளில் வாழ்ந்த அக்குடும்பங்களுக்கு அருகிலிருந்த ஓடையே குடிநீரும் குளிக்குமிடமும் சலவைக்கல்லுமாக இருந்தது.

இம்மலையின் நீரை மூன்று ஆறுகள் வாங்கிச் செல்கின்றன: பெர்த்தாம், தெலோம், லெமோய். பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் மலைப்பகுதியில் தோன்றி, பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய ஊர்களைக் கடந்து ரிங்லெட் ஏரியை அடைகிறது. அந்த ஏரி இயற்கையானதன்று. 1963-இல் நிறைவுற்ற சுல்தான் அபு பக்கார் அணையால் உண்டானது. தெலோம் ஆற்றின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கவழியாகப் பெர்த்தாமுக்குத் திருப்பப்படுகிறது. ஏரியில் சேரும் நீர் மீண்டும் ஒரு சுரங்கத்தின் வழியே மலைத்தொடரைக் கடந்து, பேராக் மாநிலப் பக்கத்தில் மின்சாரம் ஆக்குகிறது. கிழக்கே ஓட வேண்டிய நீர் மேற்கே பாய்வது இதனாலேயே.

இந்த அமைப்பின் பகை வண்டல். காடாக இருந்த படுகையைவிடத் திருத்தப்பட்ட படுகையிலிருந்து பல மடங்கு மண் ஆற்றில் இறங்குகிறது என்பது 1950-களிலேயே இம்மலையில் அளந்து அறியப்பட்டது. பிற்காலத்தில் காய்கறித் தோட்டங்களும் நெகிழிக் கூரைகளும் விடுதிகளும் சாலைகளும் பெருகப் பெருக, ஏரியின் கொள்ளளவில் கணிசமான பகுதியை வண்டல் கவர்ந்துகொண்டது. கொள்ளளவு குறைந்த அணைக்குப் பெருமழையைத் தாங்கும் இடைவெளியும் குறைவு. 2013 அக்டோபர் 23-ஆம் நாள், பெருமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் பலியாயின. மறு ஆண்டு நவம்பரிலும் அப்பகுதியை வெள்ளமும் சேறும் தாக்கின. ஆகவே, மேட்டுநில ஓடையின் நலம் பற்றிய பேச்சு பூச்சிகளையும் மீன்களையும் மட்டும் சார்ந்ததன்று. கீழே வாழ்வோரின் உயிரும் அதில் அடங்கும். தெலோம், லெமோய் கரைகளில் வாழும் செமாய் பூர்வகுடி மக்களுக்கோ ஆறு இன்றும் மீன் தரும் இடமாகும்.

ஓடைக்கு உணவு எங்கிருந்து வருகிறது?

குளத்தின் உணவு பெரும்பாலும் குளத்திலேயே விளைகிறது. ஞாயிற்றொளி பட்டுப் பாசி வளர்கிறது. பாசியைச் சிற்றுயிர்கள் உண்கின்றன. காட்டுக்குள் ஓடும் சிறிய மலையோடையின் நிலை வேறு. அதன்மேல் மரங்கள் கவிந்திருப்பதால் ஒளி போதிய அளவு இறங்குவதில்லை. அதன் உணவு மேலிருந்து விழுகிறது. உதிரும் இலை, பூ, காய், சுள்ளி, கிளையிலிருந்து தவறி விழும் புழு பூச்சி ஆகியவையே அதன் முதல். சுருங்கச் சொன்னால், மலையோடை காட்டின் கையை எதிர்பார்த்து வாழ்வது.

நீரில் விழுந்த இலை உடனே உணவாகிவிடுவதில்லை. முதலில் அதிலுள்ள கரையும் பொருள்கள் நீரில் கசிகின்றன. பின்னர் நீர்ப்பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் இலையின்மேல் குடியேறி அதை மென்மையாக்குகின்றன. காய்ந்த ரொட்டியின்மேல் வெண்ணெய் தடவியது போன்ற நிலை அது. சத்து மிகுதியும் அந்தப் பூஞ்சைப் பூச்சிலேயே இருக்கிறது. அதன்பின்னரே உண்போர் வருகின்றனர்.

அவர்களைத் தொழில்வகையால் ஐந்தாகப் பிரித்துப் பெயரிடலாம். இலையைக் கிழித்து உண்போர் இலைகிழிப்பிகள். கல் ஈக்களின் இளம்புழுக்கள் சில, கூடு சுமந்து திரியும் கேடிஸ் புழுக்கள் சில, நன்னீர் நண்டுகள் ஆகியவை இவ்வகையின. கிழிபட்ட துகள்களை அடித்தரையில் பொறுக்கி உண்போர் திரட்டிகள். ஓடும் நீரில் பட்டு நூலால் வலை பின்னி, அடித்துவரும் துகளைப் பிடித்து உண்போர் வடிப்பிகள். கல்லின்மேல் படியும் வழுக்குப் படலத்தைச் சுரண்டி உண்போர் சுரண்டிகள். தட்டையான உடல்கொண்ட ஒருநாட்பூச்சிப் புழுக்களும் நத்தைகளும் இதில் அடங்கும். இவர்கள் எல்லாரையும் பிடித்து உண்போர் கொன்றுண்ணிகள். தும்பியின் இளம்புழு, பெரிய கல் ஈப் புழு, மீன் ஆகியவை அவை. அவற்றுக்கும் மேலே கரையோரப் பறவைகளும் நீர்நாயும் இருக்கின்றன.

வெப்பமண்டல ஓடைகளில் இலைகிழிப்பிகள் அரியவை என்னும் கருத்து ஆய்வாளரிடையே நெடுங்காலம் நிலவியது. 2009-இல் கேத்தரின் யூல் என்பவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட மலேசிய ஆய்வு இதற்கு ஒரு திருத்தம் கூறியது. குளிர்ந்த மேட்டுநில ஓடைகளில் இலைகிழிப்பிகள் எண்ணிக்கையிலும் வகையிலும் மிகுந்திருப்பதை அது காட்டியது. கேமரன் மலை போன்ற இடங்களின் சிறப்பு இதனால் விளங்கும். நாட்டின் வெப்பமான தாழ்நிலத்தில் நிலைக்க இயலாத உயிர்களுக்கு இம்மலையோடைகள் உயரத்தில் அமைந்த தீவுகள் போன்றவை.

இலை நின்றுபோனால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கோவீட்டா என்னுமிடத்தில் நேரடியாகவே சோதித்தனர். ஒரு சிற்றோடையின்மேல் ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்கு வலை விரித்து, ஓர் இலையும் விழாமல் தடுத்தனர். மூன்றாண்டுகளில் இலையுண்ணும் பூச்சிகள் மட்டுமன்றி, அவற்றை உண்ணும் கொன்றுண்ணிகளும் குறைந்தன. 1997-இல் வெளிவந்த இந்த ஆய்வில் நீரில் எந்த நஞ்சும் கலக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. நீர் தெளிவாகவே ஓடியது. ஆயினும் வலை மெலிந்தது.

கொடுக்கல் ஒருபுறமாக மட்டும் நடப்பதுமில்லை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஷிகெரு நகானோ, மசாஷி முராகாமி ஆகியோர் ஓர் ஓடையையும் அதன் கரைக்காட்டையும் ஆண்டு முழுவதும் கணக்கெடுத்தனர். மீன்களின் ஆண்டு உணவில் 44 விழுக்காடு காட்டிலிருந்து விழுந்த பூச்சிகளாலும், பறவைகளின் ஆண்டு உணவில் ஏறத்தாழ 26 விழுக்காடு ஓடையிலிருந்து எழுந்து பறந்த பூச்சிகளாலும் கிடைத்தன என்று 2001-இல் வெளியிட்டனர். ஓடைக்கும் காட்டுக்கும் இடையே நாம் இடும் கோடு நம் வரைபடத்தில் மட்டும் உள்ளது. உயிர்களின் கணக்கேட்டில் அது இல்லை.

ஓடை எவ்வாறு கெடுகிறது?

முதிர்ந்த தேயிலைச் செடிகள் நெருங்கி மேற்பரப்பை மூடியிருக்கும்போது மண்ணை ஓரளவு காக்கின்றன. புதிதாக நட்ட இளஞ்செடிக்காலத்திலும், வண்டிப்பாதை வெட்டும்போதும், செங்குத்தாக வடிகால் அமைக்கும்போதும் மண் திறந்துகிடக்கிறது. காய்கறி நிலத்தில் இத்திறப்பு ஆண்டுக்குப் பலமுறை நிகழ்கிறது. ஆண்டுதோறும் 2,700 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் மலையில் திறந்த மண் தங்குவதில்லை.

வண்டலின் தீமை நீரைக் கலக்குவதோடு நிற்பதில்லை. ஓடையின் அடித்தரையில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சந்துகளே பூச்சிப் புழுக்களின் வீடு. அவற்றின் வழியே நீர் ஊடுருவி உயிர்வளியைக் கொண்டுசெல்கிறது. மெல்லிய மணல் அச்சந்துகளை அடைத்துவிட்டால், வீடும் மூச்சும் ஒருங்கே அற்றுப்போகின்றன. வடிப்பிகளின் வலையில் சேறு படிகிறது. சுரண்டிகளின் படலம் மண்ணால் மூடப்படுகிறது. கல்லிடுக்கில் இட்ட மீன் முட்டைகள் மூச்சுத்திணறி அழிகின்றன.

இரண்டாவது, கரைமரங்களின் இழப்பு. நிழல் போனால் நீர் சூடாகிறது. சூடான நீர் குறைந்த உயிர்வளியையே தாங்கும். இலையும் குறைகிறது. காட்டோரத்தில் பலவகை மரங்கள் ஆண்டின் பல பருவங்களில் இலை உதிர்க்கும். சில மென்மையானவை, சில தடித்தவை. தேயிலைச் செடியின் இலையோ ஒரே வகையானது. பானத்துக்குச் சுவை தரும் துவர்ப்பொருள் மிகுந்தது. அந்த ஒன்றைக் கொண்டு பல்வகைக் காட்டின் விருந்தை ஈடுசெய்ய இயலாது.

மூன்றாவது, உரமும் கழிவுநீரும் பூச்சிக்கொல்லியும். உரம் பாசியை மிகுவிக்கிறது. கழிவுநீர் உயிர்வளியை உறிஞ்சுகிறது. பூச்சிக்கொல்லி, பெயருக்கேற்ப, வயற்பூச்சிக்கும் நீர்ப்பூச்சிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

மீட்சியின் படிகள்

இனி உரையின் மையத்துக்கு வருவோம். கேட்டின் ஊற்றை அடைத்து, கரையில் மரம் நட்டு, அடித்தரையைச் சீர்செய்துவிட்டோம் என்று கொள்வோம். அதன்பின் என்ன நிகழும்?

முதற்பணி நீரினுடையது. புதிய வண்டல் வராமல் நின்றால், அடுத்தடுத்த மழைவெள்ளம் பழைய மணலைக் கீழே தள்ளிக் கற்களைக் கழுவுகிறது. இவ்வேலைக்கு வெள்ளம் நண்பனே. ஆயின் அவ்வெள்ளம் மண்ணற்றதாக வர வேண்டும்.

கழுவப்பட்ட கல்லின்மேல் சில வாரங்களில் வழுக்குப் படலம் உருவாகிறது. நுண்ணுயிரும் டயாட்டம் என்னும் ஓரணுப் பாசியும் சேர்ந்த அப்படலமே முதற்பயிர். அதை நாடி, மேலிருந்து நீரோட்டத்தில் மிதந்துவரும் புழுக்கள் இறங்குகின்றன; வளர்ந்த பூச்சிகள் பறந்துவந்து முட்டையிடுகின்றன. சிறுகொசுவினத்தின் செம்புழு, கருப்பு ஈயின் புழு, சிறிய ஒருநாட்பூச்சி ஆகியவை முன்வரிசையில் வருபவை. வெப்பமண்டலத்தில் பல பூச்சிகள் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்வதால் இப்படி விரைவிலேயே நிகழ்கிறது. சில மாதங்களில் ஓடையில் உயிர் தென்படும். பலரும் இந்தக் கட்டத்தில் படம் எடுத்து, வெற்றி என்று எழுதி, திட்டத்தை முடித்துவிடுகின்றனர்.

உண்மையில் அப்போது திரும்பியிருப்பது ஒளியையும் பாசியையும் நம்பிய ஒரு வலை. காட்டோடைக்குரிய வலை இலையை நம்பியது. அதற்கு மரம் வளர வேண்டும். நட்ட கன்று நீரின்மேல் கவிந்து இலையுதிர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இலை விழுந்தாலும் போதாது. அது கீழே அடித்துச் செல்லப்படாமல் தங்குவதற்குக் கல்லும் வேரும் விழுந்த கிளையும் வேண்டும். ‘சுத்தம்’ என்று கருதி ஓடையிலிருந்து மரக்கிளைகளை எல்லாம் அகற்றுவது, சமையலறையிலிருந்து பாத்திரங்களை அகற்றுவதற்கு ஒப்பானது. இலை தங்கிய பின்னரே பூஞ்சையும், பின் இலைகிழிப்பிகளும், அவற்றின் துகளை நம்பிய திரட்டிகளும் வடிப்பிகளும் நிலைபெறுகின்றன.

இங்கு ஒரு மயக்கம் நேரக்கூடும். நிழல் மூடும்போது பாசி குறையும். பாசியுண்ணும் உயிர்களும் மீன்களும் எண்ணிக்கையில் குறையலாம். முன்னைய ஆண்டின் கணக்கோடு ஒப்பிடுவோர் திட்டம் தோற்றது என்று முடிவு கட்டக்கூடும். அது தோல்வியன்று, ஓடை ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்கு மாறுகிறது. எவ்வளவு உயிர் உள்ளது என்பதோடு, எதை உண்டு வாழும் உயிர் என்பதையும் கேட்டாலன்றி மீட்சியை அறிய இயலாது.

கொன்றுண்ணிகள் இறுதியில் வருகின்றன. வளர்ச்சிக்கு நெடுங்காலம் எடுக்கும் பெரிய கல் ஈயும் தும்பியும், இரை நிலையாகக் கிடைக்கும் இடத்திலேயே தங்கும். மீனுக்கு வழியும் வேண்டும். சாலைக்கு அடியில் உயரத்தில் வைத்த ஒரு குழாய், சிறு தடுப்பணை ஆகிய ஏதேனும் ஒன்று போதும். பூச்சி பறந்து கடந்துவிடும், மீனால் கடக்க இயலாது.

தடை நீங்கினால் எவ்வளவு விரைவாக வலை மீளும் என்பதற்கு அமெரிக்காவின் எல்வா ஆறு சான்று. 1913-இலும் 1927-இலும் கட்டப்பட்ட இரு அணைகள் 2011 முதல் 2014 வரை அகற்றப்பட்டன. கடலிலிருந்து சால்மன் மீன்கள் மேலேறி வந்தன. கீழணை நீங்கிய ஓராண்டளவிலேயே, கரையில் வாழும் ஒரு சிறு பறவையின் உடலில் கடலுக்குரிய சத்தின் தடம் காணப்பட்டது. மீன் கொணர்ந்த கடல், பூச்சியின் வழியாகவும் மீன்முட்டையின் வழியாகவும் பறவையை அடைந்திருந்தது.

மீட்சி ஏன் தவறுகிறது?

எல்வாவைப் போன்ற செய்திகள் ஊக்கம் தருபவை. அவற்றோடு மற்றொரு பக்கத்தையும் கூறுவது நேர்மையாகும். மார்கரெட் பாமரும் அவருடன் ஆய்ந்தோரும் 78 ஓடைச் சீரமைப்புப் பணிகளின் விளைவுகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்டனர். வளைவும் மடுவும் கல்லும் அமைத்து ஓடையின் வடிவத்தைத் திருத்திய அப்பணிகளுள், பூச்சிவகைகள் ஐயத்துக்கிடமின்றிப் பெருகியவை இரண்டே. நியூசிலாந்தில் 2 முதல் 24 ஆண்டு வரை வயதுடைய ஒன்பது கரைநடவுகளை ஆராய்ந்தபோதும், நீரின் தெளிவு விரைவில் உயர்ந்ததும், பூச்சிக்கூட்டம் பெரும்பாலான இடங்களில் பின்தங்கியே நின்றதும் புலப்பட்டன.

காரணங்கள் மூன்று. முதலாவது, படுகை முழுவதும் கெட்டிருக்க ஒரு துண்டை மட்டும் திருத்துதல். மேலிருந்து மண்ணும் நஞ்சும் வந்துகொண்டே இருக்க, கீழே நூறு மீட்டரை அழகுபடுத்துவதால் பயனில்லை. இரண்டாவது, காலம் போதாமை. நிழல் மூடுமுன்னரே கணக்கை முடித்துவிடுதல். மூன்றாவது, விதை இல்லாமை. வீட்டைக் கட்டிவிட்டோம், குடியேற அருகில் யாரும் இல்லை. ஜெர்மனியில் சீரமைத்த 24 இடங்களை ஆராய்ந்தோர், ஐந்து கிலோமீட்டர் எல்லைக்குள் அவ்வுயிர்கள் வாழும் நல்ல ஓடை இருந்த இடங்களிலேயே பலன் தெரிந்தது என்று 2011-இல் எழுதினர்.

கேமரன் மலைக்கு நம்பிக்கை இருப்பது இம்மூன்றாவது காரணத்திலேயே. 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் பாசிபடர் காடும் பிற உச்சிக்காடுகளும் தோட்டங்களுக்கு மேலே இன்றும் நிற்கின்றன. அங்கே பிறக்கும் ஓடைகளே கீழுள்ள ஓடைகளுக்கு விதைக்களஞ்சியம். அக்காடு அழிந்தால், பின்னர் எத்தனை கோடி செலவிட்டுக் கீழே மரம் நட்டாலும் குடியேற உயிர் இராது. ஆகவே, சீரமைப்பின் முதற்செலவு நல்லதாக இருக்கும் ஓடையைக் கெடாமல் காப்பதற்கு உரியது.

அளப்பது எப்படி?

மலேசியாவில் ஆற்றின் தரத்தைச் சுற்றுச்சூழல் துறை ஆறு அளவைகளைக் கொண்டு கணிக்கிறது. கரைந்த உயிர்வளி, இருவகை உயிர்வளித் தேவை, மிதக்கும் திண்மம், காரகாடித்தன்மை, அம்மோனிய நைட்ரஜன் என்பன அவை. இவை இன்றியமையாதவை. எனினும் எடுத்த கணத்தின் செய்தியையே இவை கூறும். நேற்றிரவு மழையில் வந்த நஞ்சு இன்று காலை மாதிரியில் இராது. கல்லடியில் பல மாதங்களாக வாழும் புழுவோ அந்த இரவையும் கண்டிருக்கிறது. அது அங்கே இருப்பதே ஒரு சான்று. இல்லாமையும் ஒரு சான்று.

பிரிட்டனில் உருவாகி, பின்னர் தாய்லாந்து முதலிய நாடுகளுக்கேற்பத் திருத்தப்பட்ட ஒரு மதிப்பெண் முறை இதற்கு உதவுகிறது. மாசுக்கு அஞ்சும் கல் ஈக் குடும்பத்துக்கும் தட்டையுடல் ஒருநாட்பூச்சிக் குடும்பத்துக்கும் 10 மதிப்பெண், வலைபின்னும் கேடிஸுக்கு 5, செம்புழுவுக்கு 2, மண்புழுவினத்துக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண வேண்டும். ஒரு வெள்ளைத் தட்டும் சிறு வலையும் கைக்கண்ணாடியும் போதும். தோட்டப் பள்ளி மாணவர்கள் ஆசிரியரின் துணையோடு ஆண்டுக்கு நான்கு முறை செய்து, ஏட்டில் குறித்துவரக்கூடிய வேலை இது.

யார் யாரை உண்கின்றனர் என்பதை அறிய ஆய்வகம் வேண்டும். நைட்ரஜனில் சற்றுக் கனமான ஒருவகை அணு உண்டு. உண்ணப்படும் உயிரைவிட உண்ணும் உயிரின் உடலில் அதன் விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3.4 பங்கு உயரும். ஆகவே, ஒரு மீனின் சிறுதுண்டுத் தசையைக் கொண்டு அது வலையின் எந்தப் படியில் நிற்கிறது என்று கூறலாம். கரிமத்தின் கனமான அணு, அவ்வுயிரின் உணவு பாசியிலிருந்து தொடங்கியதா, இலையிலிருந்து தொடங்கியதா என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஓடை பாசிவலையிலிருந்து இலைவலைக்கு மாறிய ஆண்டை இவ்வாறு கண்டறிய இயலும்.

தோட்டத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, கரையை விட்டுக்கொடுத்தல். மலேசிய நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டி, ஆற்றின் அகலத்துக்கேற்பக் கரையொதுக்கை வகுத்துள்ளது. 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டர். 5 முதல் 10 மீட்டர் வரை 10. 10 முதல் 20 வரை 20. 20 முதல் 40 வரை 40. அதற்கு மேற்பட்டால் 50. தோட்டங்களில் ஓடுபவை பெரும்பாலும் முதல்வகை ஓடைகள். செங்குத்துச் சரிவில் 5 மீட்டர் மிகச் சிறிய அளவே. அதனினும் அகலமாக விடுவது நன்று. சபா மாநில எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கரைக்காடு விடப்பட்ட ஓடைகள் மிகுந்த நிழலும் இலையும் உடையனவாக இருப்பது ஆய்வில் காணப்பட்டுள்ளது.

இரண்டாவது, உள்ளூர் மரங்களைப் பலவகையாக நடுதல். மூன்றாவது, வடிகால் நேரே ஓடையில் விழாமல், இடையில் வண்டல் தங்கும் குழிகளை அமைத்தல். பாதையோரச் சரிவைப் புல்லால் மூடுதல். நான்காவது, கரையோர வரிசைகளில் மருந்தடிப்பதையும் உரமிடுவதையும் தவிர்த்தல். மருந்துக் கலத்தை ஓடையில் கழுவும் பழக்கம் ஒழிதல் வேண்டும். இது தொழிலாளரின் உடல்நலத்துக்கும் உரியது. ஐந்தாவது, குழாய்ப்பாலங்களை ஓடையின் தரைமட்டத்தோடு பொருந்த வைத்தல்.

தேயிலையும் உயிர்வளமிக்க ஓடையும் ஒருங்கே இருக்க இயலுமா என்பார்க்கு நம் தாயகத்தின் வால்பாறை விடை கூறும். ஆனைமலையில் தேயிலை, காப்பித் தோட்டங்களிடையே ஓடும் ஓடைகளில் நண்டுண்ணும் சிறிய நீர்நாய் வாழ்வதை ஆய்வாளர் ஆராய்ந்து 2012-இல் எழுதினர். காப்பகக் காட்டைவிடத் தோட்டத்தில் அதன் நடமாட்டம் குறைவு. எனினும் கரையில் மரமும் புதரும் விடப்பட்ட ஓடைகளை அது தோட்டத்துக்குள்ளும் பயன்படுத்துகிறது. நீர்நாய் இருக்கிறது எனில் நண்டு இருக்கிறது. நண்டு இருக்கிறது எனில் இலை இருக்கிறது. இலை இருக்கிறது எனில் மரம் இருக்கிறது. வலையின் உச்சியிலிருந்து அடிவரை படிக்கத்தக்க ஒரு வாக்கியம் அது. அதே நீர்நாயினம் மலேசியாவிலும் உண்டு.

நிறைவுரை

நீர் தெளிந்தால் போதுமா என்பது இவ்வுரையின் வினா. தெளிவு தொடக்கம் மட்டுமே. தெளிந்த நீரில் கல்லுக்கடியில் இடம் இருக்க வேண்டும். இடத்தில் இலை தங்க வேண்டும். இலைக்கு மரம் நிற்க வேண்டும். மேலே காடு வாழ வேண்டும். கீழிருந்து மீன் ஏறிவர வழி திறந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வலை அந்த இடத்தில் அறுந்து நிற்கும். இவை யாவும் அமைந்தாலும் ஆண்டுகள் செல்லும். மரம் வளரும் வேகத்தை விஞ்சி ஓடை மீளாது.

நம் முன்னோர் அம்மலையில் வெட்டிய பாதைகளும் நட்ட செடிகளும் இன்றும் நிற்கின்றன. அவ்வுழைப்பின் விலையில் ஒரு பகுதியை ஓடை செலுத்தியது. அதன் எஞ்சிய பகுதியைப் பெர்த்தாம் பள்ளத்தாக்கின் மக்கள் செலுத்தினர். மேலே பிடித்துவைக்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் கீழே ஏரியில் ஒரு கூடை நீருக்கு இடம் தருகிறது. அடுத்த முறை கேமரன் மலைக்குச் செல்லும்போது, ஏதேனும் ஓர் ஓடையில் இறங்கி, ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் தட்டையான சிறு புழு ஒன்று விரைந்து ஒளிந்தால், அந்த ஓடை இன்னும் நலமாக உள்ளது. பார்த்தபின் கல்லை இருந்தவாறே வைத்துவிடுங்கள். அது அவ்வுயிரின் வீடு.